கல்லில் எழுதிய சுரம், சுவரில் ஆடும் கால்: கோயில் கலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டுக்குச் சபா, ஆட்டத்துக்கு மேடை, ஓவியத்துக்கு அருங்காட்சியகம் என்று பிரித்துப் பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. ஆயிரம் வருடத்துக்கு முன் தமிழ்நாட்டுக் கோயில்களில் இவை எல்லாம் ஒரே மதிலுக்குள், ஒரே களஞ்சியத்து நெல்லைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தன. அதனால்தான் பாட்டில் தொலைந்துபோன ஒரு விஷயம் பாறையில் கிடைக்கிறது. ஆட்டத்தில் மறந்துபோன ஒரு நிலை கோபுரச் சுவரில் நிற்கிறது. கோயிலுக்குப் போய்வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இந்தக் கோணத்திலிருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது என்கிறார்களே, அதில் என்னதான் எழுதியிருக்கிறது?

சுரங்கள். வெறும் சுரங்கள். புதுக்கோட்டையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டி எழும் குன்றில், குடைவரைக்குப் பக்கத்துப் பாறை முகத்தில் இந்தக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுத்து பல்லவ கிரந்தம், மொழி வடமொழி. மத்தியமகிராமம், சட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று பழைய ராக வகைகளின் பெயரில் ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் சுரங்கள் நான்கு நான்காகக் கட்டப்பட்டு வரிசையாக ஓடுகின்றன.

கிட்டே போய்ப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். ரிஷபம் (ரி என்ற சுரம்) ஒரே எழுத்தாக வருவதில்லை. ர, ரி, ரு, ரே என்று உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. காந்தாரமும் அப்படித்தான்: க, கி, கு, கே. சுரத்தின் உள் நுணுக்கத்தைக் குறிக்கவா, தந்தியை மீட்டும் விதத்தைச் சொல்லவா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். கல்வெட்டில் அரசன் பெயர் இல்லை, அதனால் அதை உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. முடிவில் ஒரே ஒரு தமிழ் வரி வருகிறது: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய".

பாட முடியுமா என்று கேட்டால், சுர வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். தாளமும் கமகமும் (சுரத்தை அசைத்து இழைக்கும் விதமும்) அதில் இல்லை. அவை ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்குப் போனவை. சுரப்படுத்தி எழுதிய இசைப்பாடம் ஒன்று இவ்வளவு பெரிதாக, இவ்வளவு பழையதாக வேறெங்கும் கல்லில் கிடைப்பது அரிது. ஆனாலும் பலர் கோயில் மண்டபத்துச் சிற்பங்களை மட்டும் பார்த்துவிட்டு, பாறைப் பக்கம் போகாமலே திரும்பிவிடுகிறார்கள்.

இசைத் தூண்களுக்குள் ஏதாவது வெற்றிடம் இருக்கிறதா? எப்படி ஒலிக்கின்றன?

வெற்றிடம் எதுவும் இல்லை. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில், மதுரை மீனாட்சியம்மன் கோயில், சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் ஆகியவற்றில் பெரிய தூணைச் சுற்றிச் சிறு தூண்கள் இருக்கும். எல்லாம் ஒரே கல்லில் குடைந்து எடுத்தவை. ஒவ்வொரு சிறு தூணும் மேலும் கீழும் பிடிக்கப்பட்டிருக்கிறது, நடுவில் அதிர இடம் இருக்கிறது. நீளமும் பருமனும் மாறும்போது ஒலியின் உயரமும் மாறுகிறது. கருங்கல் அடர்த்தியாக, விரிசல் இல்லாமல் இருந்தால் மணி போல் ஒலிக்கும். எந்தக் கல் அப்படி ஒலிக்கும் என்று தட்டிப் பார்த்தே தேர்ந்தெடுக்கத் தெரிந்த சிற்பிகள் செய்த வேலை இது. ஆழ்வார்திருநகரியில் கல்லிலேயே செய்த நாதஸ்வரமும் உண்டு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தட்டாதீர்கள். நாணயத்தாலும் சாவியாலும் தட்டித் தட்டி தூண்களில் பள்ளம் விழுந்திருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு ஆடல் மகளிர் இருந்தார்கள் என்பது மிகையா?

மிகை இல்லை. கல்வெட்டில் பெயர் பெயராக இருக்கிறது. 1010-இல் முடிந்த அந்தக் கோயிலின் வெளிச்சுவரில், சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரும் பதிவாகியிருக்கிறார்கள். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், என்ன பெயர் எல்லாமே உண்டு. பெயருக்கு முன்னால் "நக்கன்" என்று வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும். பங்கு என்றால் வருடத்துக்கு நூறு கலம் நெல்.

அந்தப் பட்டியல் அவர்களோடு நிற்பதில்லை. நட்டுவம் (ஆடல் பயிற்றுவது) செய்பவர், பாடுபவர், வாத்தியக்காரர், கணக்கர், தச்சர், தையல்காரர், நாவிதர் என்று நீள்கிறது. திருப்பதியம் (தேவாரப் பாடல்) பாட நாற்பத்தெட்டுப் பேர், அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக ஐம்பது பேருக்கும் ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல். பங்கு பெற்ற ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்கு அந்தத் தகுதி இல்லாவிட்டால், தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். கலைக்கு என்று ஒதுக்கிய நெல், கலை தெரிந்தவர் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கோயிலின் விமானத்தைவிட இந்தச் சுவர்தான் பெரிதாகத் தெரிகிறது. இருநூற்றுப் பதினாறு அடி உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அடியில் பெயரோடு நிற்கும் நானூறு பெண்களை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

கரணச் சிற்பங்கள் என்றால் என்ன? எங்கே பார்க்கலாம்?

கையும் காலும் உடலும் சேர்ந்து இயங்கும் ஆடல் அலகு ஒன்றுக்குக் கரணம் என்று பெயர். பரதரின் நாட்டிய சாஸ்திரம் நூற்றெட்டுக் கரணங்களைச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் சிவனே நான்கு கைகளோடு அவற்றை ஆடிக்காட்டுகிறார். எண்பத்தொன்று செதுக்கி முடித்திருக்கிறார்கள். மிச்சக் கற்கள் சும்மா நிற்கின்றன. ஏன் நின்றது என்பதற்குக் கல்வெட்டு எதுவும் இல்லை. பொதுமக்களை அந்தத் தளத்துக்கு அனுப்புவதில்லை.

நேரில் பார்க்க ஆசை என்றால் சிதம்பரம் போங்கள். கிழக்குக் கோபுர வாசலின் இரண்டு பக்கமும் ஆடும் பெண்கள் அடுக்கடுக்காக இருக்கிறார்கள். பக்கத்தில் நாட்டிய சாஸ்திர வரிகளையும் கிரந்தத்தில் வெட்டியிருக்கிறார்கள். சிற்பம் அசைவின் ஒரு கணத்தைத்தான் பிடிக்கிறது. வரியையும் சிற்பத்தையும் சேர்த்துப் படித்தால்தான் கால் எங்கிருந்து எங்கே போகிறது என்று புரியும்.

பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்தனவாமே?

ஆமாம். கருவறையைச் சுற்றி வரும் இருண்ட உள்சுற்றில் நாயக்கர் காலத்தில் புதிதாகச் சாந்து பூசி வரைந்திருந்தார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு கை தெரிவதைக் கண்டு வெளியே சொன்னார். பின்னாளில் தொல்லியல் துறை, மேல் அடுக்கையும் பாழாக்காமல் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பொருத்தியது. இரண்டு காலத்து ஓவியங்களையும் காப்பாற்றிய அந்தப் பொறுமையைப் பாராட்டியே ஆக வேண்டும்.

சோழர் வரைந்தது ஈரச் சுண்ணச் சாந்தின் மேல். சாந்து உலர்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். நிறம் சுவரின் உடம்போடு சேர்ந்துவிடும். தப்பாகப் போட்ட கோட்டை அழிக்க முடியாது. அப்படி ஒரு கெடுவுக்குள் நின்று சுந்தரர் கதையை முழுச்சுவருக்கு வரைந்திருக்கிறார்கள். திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவராக வந்த சிவன் அடிமை ஓலையைக் காட்டுகிறார். மேலே சுந்தரர் யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்கு விரைகிறார்கள். அந்தக் கயிலையில் ஆட்டமும் வாத்தியமும் நடந்துகொண்டிருக்கிறது. அன்றைய ஆடல் மகளிரின் கொண்டை, இடை வளைவு, கை வீச்சு எப்படி இருந்தன என்பதற்கு இந்தச் சுவர்தான் சாட்சி. வெளிச்சுவரில் அவர்கள் பெயர், உள்சுவரில் உருவம், மேல்தளத்தில் அசைவு: ஒரே கட்டடத்தில் மூன்றும் இருக்கின்றன.

உள்ளே போக அனுமதி கிடைப்பது கடினம். கோயில் வளாகத்தில் உள்ள தொல்லியல் துறைக் காட்சிக்கூடத்தில் படங்களாகப் பார்க்கலாம்.

கடையில் விற்கும் தஞ்சாவூர் ஓவியமும் அதுவும் ஒன்றா?

இல்லை. பலாப்பலகையில் துணி ஒட்டி, மக்கில் (சுண்ணப் பசையில்) புடைப்பு எழுப்பி, தங்கரேக்கும் கண்ணாடிக் கல்லும் பதிக்கும் தஞ்சாவூர் ஓவியம் மராட்டியர் ஆட்சியில் செழித்தது. சோழர் சுவரோவியத்தோடு ஊர்ப் பெயரைத் தவிர பெரிய உறவு இல்லை.

தேவாரத்தின் பண்கள் (பழந்தமிழ் ராகங்கள்) உண்மையிலேயே பழையவையா? இன்றைய ராகத்தில்தானே பாடுகிறார்கள்?

இரண்டுமே சரி. ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தேவார ஏடுகளைத் தேடித் தொகுத்தார் என்றும், பாடல்கள் கிடைத்தும் இசை கிடைக்காமல் தவித்தபோது திருஎருக்கத்தம்புலியூரில் இருந்த, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண்களை வகுத்துக் கொடுத்தார் என்றும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. நமக்கு வந்து சேர்ந்த தேவார இசையின் நடுவே அவர் நிற்கிறார் என்பதை ஓதுவார்கள் நன்றியோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

பண்களின் பெயர்கள் ஏடுகளிலேயே உள்ளன. இன்று ஓதுவார்கள் நட்டபாடையை நாட்டையிலும், தக்கேசியைக் காம்போதியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும் பாடுகிறார்கள். பழைய பண் இன்றைய ராகத்தோடு அணு பிசகாமல் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஆயிரம் வருடத்தில் வாத்தியம் மாறியது, கமகம் வளர்ந்தது. ஆனால் ஓதுவார் ஒருவர் தாளக்கட்டில்லாமல் விருத்தமாக இழுத்து, அப்புறம் பதிகத்துக்குள் இறங்கும்போது, கச்சேரி மேடையில் கேட்கும் காம்போதிக்கும் இதற்கும் நடை வேறு என்பது யாருக்கும் காதில் படும். சொல் முன்னால் நிற்கும், சங்கதி பின்னால் வரும். எனக்கு அந்த வரிசைதான் பிடிக்கும்.

காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய "மாதர் மடப்பிடி" பதிகத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். கூடவே வந்து யாழ் வாசித்த யாழ்ப்பாணர், அந்தப் பதிகம் தன் கருவிக்குள் அடங்கவில்லை என்று யாழை உடைக்கப் போனாராம். சம்பந்தர் தடுத்தார். பண்ணுக்கே யாழ்முரி என்று பெயர் வந்தது. இன்று அதை அடாணாவில் பாடுகிறார்கள்.

யாழ் ஏன் மறைந்தது?

அந்தக் கதையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. யாழில் ஒரு தந்திக்கு ஒரு சுரம். சிலப்பதிகார உரையில் பேரியாழுக்கு இருபத்தொன்று, மகரயாழுக்குப் பத்தொன்பது, சகோடயாழுக்குப் பதினான்கு, செங்கோட்டியாழுக்கு ஏழு தந்திகள் என்று கணக்கு வருகிறது. வளைத்தும் அசைத்தும் பாடும் வாய்ப்பாட்டு வளர வளர, தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கக்கூடிய, மெட்டு வைத்த வீணை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இதுதான் பலரும் சொல்லும் காரணம், நம்பத்தகுந்ததும்கூட. மட்டக்களப்பில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல வருடம் உழைத்து 1947-இல் யாழ் நூலை வெளியிட்டார். ஏட்டில் இருந்த கணக்கை வைத்து ஒரு வாத்தியத்தைத் திரும்ப எழுப்ப முயன்ற அந்த உழைப்புக்கு ஈடு சொல்வது கடினம்.

கோயில் நாதஸ்வரத்தில் இன்ன நேரத்துக்கு இன்ன ராகம் என்று விதி உண்டா?

உண்டு, கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும். விடியற்காலை பூபாளம், பௌளி. இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி, ஆனந்தபைரவி. இது பெரும்பாலும் பொது. இதைவிட நுட்பமானது மல்லாரி. சாமி புறப்படும்போது வாசிப்பது, கம்பீர நாட்டையில், சொற்கள் இல்லாமல். தளிகை (நிவேதனம்) எடுத்துவரும்போது ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு.

சாமி புறப்பாட்டின்போது வாத்தியக்காரர் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதலில் தவில் மட்டும் பேசும். அப்புறம் நாதஸ்வரம் மெதுவாக மல்லாரியை எடுக்கும். அதே மெட்டு இரண்டாம் காலத்தில், மூன்றாம் காலத்தில் வேகம் கூடி வரும், திஸ்ரத்துக்குள் (மூன்றெண்ணிக்கை நடைக்குள்) திரும்பும். சாமியைச் சுமக்கும் சீர்பாதம் தாங்குபவர்களின் தோள் அசைவும் அந்த நடைக்கே போகும். வாகனம் முன்னும் பின்னும் ஆடுகிறதே, அதுவும் தவிலைக் கேட்டுத்தான். இசை, ஆட்டம், உற்சவ மூர்த்தி என்ற வெண்கலச் சிற்பம் மூன்றும் ஒன்றாக நகர்வதை இங்கே கண்ணால் பார்க்கலாம். கதவு திறந்ததும் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கும் அவசரத்தில் இதை இழந்துவிடாதீர்கள்.

நாதஸ்வரம் எங்கே செய்கிறார்கள்?

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே நரசிங்கம்பேட்டையில். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் ஆச்சா. புதிதாக வெட்டிய மரம் சரிப்படாது. இடித்த பழைய வீடுகளின் உத்திரம், விட்டம் என்று பல வருடம் காய்ந்து இறுகியதைத் தேடி வாங்குகிறார்கள். கடைந்து துளைபோட்டு, விரல் ஓட்டைகள் ஏழையும் காதால் சரிபார்த்துத் திறக்கிறார்கள். மேலே சீவாளி பொருந்தும் உலோகக் குழல் கெண்டை, கீழே ஒலி விரியும் வாய் அணசு. வாயில் வைக்கும் சீவாளியை நாணலில் தனியாகச் செய்கிறார்கள். வித்வான்கள் வாத்தியத்திலேயே நாலைந்து சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வாசிப்பின் நடுவே ஒன்று மக்கர் செய்தால் அடுத்ததை மாட்டிக்கொள்வார்கள்.

திமிரி என்ற குட்டை வாத்தியம் உச்ச சுருதியில் கூர்மையாக ஒலிக்கும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) விருப்பப்படி நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாதஸ்வரத்தைச் சீராக்கிக் கொடுத்தார். சுருதி இறங்கியது, மத்தியமம் (ம என்ற சுரம்) ஒழுங்காக நின்றது. அவருடைய தோடியை மணிக்கணக்கில் விரித்து வாசிக்க அந்த மரம் இடம் கொடுத்தது. வித்வான் பெயரைச் சொல்லும்போது ஆசாரி பெயரையும் சொல்வதே நியாயம்.

வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம்தானே, அதைச் சேர்த்தது கலப்படம் இல்லையா?

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை அரசவை நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரசவையில் ஒலிக்கவைத்தார். முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கில பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. திருவாரூர்க் கமலாம்பாள் மேல் நவாவரணம் பாடிய அதே மனிதர்தான். உள்ளே வந்ததைத் தன் நடைக்கு வளைக்கத் தெரிந்த இசைக்குக் கலப்படம் ஒரு பயமாக இருந்ததில்லை.

இந்தக் கலைகளைக் காத்தவர்கள் இப்போது எங்கே?

இசை வேளாளர் குடும்பங்கள் இதில் முக்கியமானவை. கோயிலில் ஆடிய பெண்கள், நட்டுவனார்கள், நாதஸ்வர தவில் வித்வான்கள் பலரும் அங்கிருந்து வந்தவர்கள். மன்னர்களின் ஆதரவு போனது, மானியம் போனது, பெண்களைச் சுரண்டும் வழக்கம் பெருகியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் நீண்ட காலம் போராடியதன் பலனாக 1947-இல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. அந்தச் சட்டம் தேவையாகவே இருந்தது. அதே சமயம் கலையைத் தலைமுறைகளாகச் சுமந்த பெண்களுக்கு மேடையில் இடம் குறைந்தது. 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய காலத்தை ஒட்டி, அவர்கள் ஆடிவந்த சதிர் பரதநாட்டியமாகி வேறு வீடுகளுக்குப் போனது. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி (1918–1984) மாதிரி சிலர்தான் அந்த மரபின் உள்ளிருந்தே உலக மேடைக்கு ஏறினார்கள். பரதநாட்டிய வரலாறு சொல்லும்போது இந்த நடு அத்தியாயத்தைத் தாண்டிப் போவது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத விஷயம்.

இன்றும் பல கோயில்களில் நாதஸ்வரக்காரர் சொற்பச் சம்பளத்தில் வாசிக்கிறார். சில இடங்களில் அவருக்குப் பதிலாக மின்சார மேளப்பெட்டி அடிக்கிறது.

நேரில் கேட்க எங்கே, எப்போது போகலாம்?

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா இரண்டுக்கும் முதல்நாள் தேர். அன்று தேர் மல்லாரி கேட்கலாம். திருவாரூரில் தியாகராஜர் சன்னதிப் பக்கம் பஞ்சமுக வாத்தியம் இருக்கிறது. ஐந்து வாயுள்ள இந்த முழவை வாசிக்கும் உரிமை பாரசைவர் குடும்பங்களுக்கு உண்டு. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில், அதுவும் நாதஸ்வரத்தோடுதான் தொடங்கும். கூட்டம் ஒத்துவராது என்றால், பக்கத்தில் எந்தப் பெரிய சிவன் கோயிலில் வித்வான் இருக்கிறாரோ அங்கே சாயரட்சைக்கு (மாலைப் பூசைக்கு) அரைமணி முன்னால் போய்ப் பிரகாரத்தில் உட்காருங்கள். வாசித்து முடித்ததும் என்ன ராகம் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் வாத்தியத்தைத் துடைத்தபடியே சொல்வார், நேரம் இருந்தால் இரண்டு வரி வாசித்தும் காட்டுவார்.